பெரிதும் சிறிதும்: இலண்டன் மாநகரின் பீர் ஆலைகள்

பெருநகரங்களின் வரலாறு பெரும்பாலும் பெரியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பெரிய துறைமுகம், பெரிய சந்தை, பெரிய ஆலை என்றே அது நடக்கும். சிறியவை அதில் தொடக்கமாக மட்டும் இடம்பெறும். பெரியவை வந்ததும் அவை மறைந்தன என்று ஒரு வரியில் முடிக்கப்படும். இலண்டன் மாநகரின் பீர்த் தொழில் இப்போக்குக்கு மாறானது. கொல்லைப்புறத் தொழிலாக இருந்த ஒன்றை மாபெரும் ஆலைத் தொழிலாக உலகுக்கு மாற்றிக் காட்டிய நகரம் அது. அதே நகரத்தில், இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், பேராலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இரயில் பாலத்தின் ஒரு வளைவுக்குள் அடங்கிவிடும் சிற்றாலைகள் நூற்றுக்கு மேல் முளைத்தன.

மதுவின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கைத்தொழில் பெருத்தபோது எதைப் பெற்றது, எதை இழந்தது, இழந்ததை யார் காத்து வைத்தனர் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

சுமையாளர்களின் பானம்

பீரின் மூலப்பொருள்கள் நான்கே. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் என்பன அவை. இவற்றுள் ஹாப்ஸ் இட்டுக் காய்ச்சும் முறை 15ஆம் நூற்றாண்டில் தாழ்நில நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் பீர் காய்ச்சுவது வீட்டுத் தொழிலாகவும், மதுச்சாலைகளின் பின்கட்டுத் தொழிலாகவும் நடந்துவந்தது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கருமையான, கசப்பு மிகுந்த ஒரு பீர் இலண்டனில் பரவிற்று. தெருக்களிலும் தேம்ஸ் ஆற்றின் துறைகளிலும் சுமை தூக்கிப் பிழைத்தோர் அதனை விரும்பி அருந்தினர். அவர்களுடைய தொழிற்பெயரே அப்பானத்துக்கும் பெயராகி, அது 'போர்ட்டர்' எனப்பட்டது. ஹார்வுட் என்பவர் 1722இல் அதனைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை பிற்காலத்தில் எழுந்தது. இக்கால ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. பலர் கைப்பட்டுப் படிப்படியாகத் திருந்திய பானம் அது. அந்நாளில் ஜின் என்னும் கடும் மது நகரத்து ஏழைகளைச் சீரழித்துக்கொண்டிருந்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751இல் வெளியிட்ட இரு படங்களில் ஒன்று ஜின் சந்தின் அழிவையும், மற்றொன்று பீர் தெருவின் செழிப்பையும் காட்டின. பீர் அன்று உழைப்பாளியின் அன்றாட உணவில் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது என்பதற்கு அப்படங்கள் சான்று.

போர்ட்டருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மரத்தொட்டிகளில் பல மாதங்கள் முதிர்ந்தால்தான் அதற்குரிய சுவை வரும். முதிர வைப்பதற்கு இடம் வேண்டும். விற்காத சரக்கில் பணத்தை முடக்கிப் பொறுத்திருக்க முதல் வேண்டும். சிறு மதுச்சாலைக்காரருக்கு அவ்விரண்டும் இல்லை. சுமையாளர்களின் சுவையே அத்தொழிலைச் செல்வர் கைக்குத் தள்ளிற்று எனலாம்.

அச்செல்வர்களுள் முதன்மையானவர் சாமுவேல் விட்பிரெட். 1742இல் கூட்டுவணிகராகத் தொழிலில் இறங்கிய அவர், 1750இல் சிஸ்வெல் தெருவில் பேராலையை அமைத்தார். 1785இல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் அங்கே நிறுவப்பட்டது. அந்த எந்திரத்தைக் காண மூன்றாம் ஜார்ஜ் மன்னரே 1787இல் ஆலைக்கு வந்தார். 1796இல் அவ்வாலை ஓராண்டில் 2,00,000 பீப்பாய்க்கு மேல் காய்ச்சியது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றேகால் கோடி லிட்டர். அதுவரை எந்த ஆலையும் எட்டாத அளவு அது.

எந்திரத்தோடு அளவைக் கருவிகளும் வந்தன. வெப்பமானி வந்ததும் தொட்டியில் கைவிட்டுச் சூடு பார்க்கும் வழக்கம் ஒழிந்தது. பானத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி 1780களில் பரவியபோது, பழுப்பு மால்ட்டைவிட வெளிறிய மால்ட்டிலிருந்து கூடுதல் சாறு கிடைக்கிறது என்று தெரியவந்தது. உடனே கணக்கு மாறியது. வெளிறிய மால்ட்டை மிகுத்துப் பழுப்பு மால்ட்டைக் குறைத்தனர். குறைந்த கருமையை ஈடுசெய்ய, டேனியல் வீலர் 1817இல் கண்ட வறுகலனில் கருக வறுத்த மால்ட் பயன்பட்டது. பெயர் போர்ட்டராகவே நிற்க, உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது.

அளவின் மோகம் தொட்டிகளிலும் தெரிந்தது. எவர் தொட்டி பெரிது என்பதில் ஆலைகளுக்குள் போட்டி நடந்தது. அதன் விலையை 1814 அக்டோபர் 17ஆம் நாள் செயின்ட் கைல்ஸ் பகுதி ஏழைகள் கொடுத்தனர். மியூக்ஸ் நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்றிலிருந்து ஓர் இரும்பு வளையம் கழன்று விழுந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நிகழ்வதுதானே என்று அதனைப் பெரிதாக எவரும் எண்ணவில்லை. ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. பீர் வெள்ளம் சுவரை இடித்துக்கொண்டு பின்புறக் குடியிருப்பில் பாய்ந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அனைவரும் பெண்களும் குழந்தைகளும். இறந்துபோன ஒரு சிறுவனின் உடலைச் சுற்றித் துக்கத்துக்குக் கூடியிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். விபத்து என்று விசாரணை முடிந்தது. ஆலை, வீணான சரக்குக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற்றது.

கடல் கடந்த பீர்

போர்ட்டர் நகரை ஆண்ட காலத்திலேயே, கிழக்கு இலண்டனில் போ என்னுமிடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752இல் ஒரு சிறிய ஆலையைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் நிற்கும் துறை அதற்கு அண்மையில் இருந்தது. கப்பல் தலைவர்கள் தம் சொந்த வணிகத்துக்காகப் பீப்பாய்களை அவரிடம் வாங்கிச் சென்று, கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளையருக்கு விற்றனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற அப்பயணத்தில், வெளிறிய வலிய பீர் பீப்பாய்க்குள்ளேயே முதிர்ந்தது. பெருஞ்செல்வர் தொட்டிகளில் பணத்தை முடக்கிப் பெற்ற முதிர்ச்சியை ஹாட்ஜ்சனுக்குக் கடலே தந்தது. பிற்காலத்தில் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்ற பீர் இவ்வாறு வளர்ந்தது.

1820களில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் அவ்வணிகம் முழுவதையும் தமக்கே உரியதாக்க முயன்றனர். சினமுற்ற கும்பினியார் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் ஆலையை நாடினர். பர்ட்டனின் தண்ணீரில் ஜிப்சம் மிகுதி. வெளிறிய, கசப்பான பீருக்கு அது பெரிதும் பொருந்திற்று. இலண்டன் தண்ணீரில் சுண்ணாம்புக் கார்பனேட் மிகுதி. வறுத்த மால்ட்டின் புளிப்பை அது சமன்செய்வதால் கரும்பீருக்கே ஏற்றது. தண்ணீரை வேதிமுறையில் திருத்தக் கல்லாத காலத்தில், ஒவ்வோர் ஊரின் பீரும் அவ்வூர் மண்ணடி நீரின் சுவையாகவே இருந்தது.

வெளிறிய பீரின் மீது மக்கள் நாட்டம் பெருகப் பெருகப் போர்ட்டர் தளர்ந்தது. முதல் உலகப் போரில் தானியத்துக்கும் பீரின் வலிமைக்கும் அரசு கட்டுப்பாடு விதித்தது. நீர்த்துப்போன போர்ட்டர் மீண்டும் தலையெடுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், இலண்டன் ஈன்ற அப்பானம் இலண்டனிலேயே இல்லாதொழிந்தது. அதனைக் காய்ச்சிய முறை ஆலைகளின் பழைய கணக்கேடுகளில் மட்டும் எஞ்சியது.

பேராலைகளின் நூற்றாண்டு

இங்கிலாந்தில் மதுச்சாலைகளுட் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் ஆலைக்கு உரிமையாக இருந்தன. அங்கே அவ்வாலையின் பீர் மட்டுமே விற்கப்படும். ஆகவே ஓர் ஆலையை வாங்குவதென்பது அதன் மதுச்சாலைகளையும், அங்கு வந்து அருந்துவோரையும் சேர்த்து வாங்குவதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வாறு ஒன்றையொன்று விழுங்கிய ஆலைகள், 1970களில் நாடு முழுவதற்கும் ஆறு பெருநிறுவனங்களாகச் சுருங்கின.

பெருநிறுவனத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே சுவை வேண்டும். சரக்கு கெடாமல் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். மரபான பீர் மதுச்சாலையின் நிலவறையில், பீப்பாய்க்குள் உயிருள்ள ஈஸ்ட்டோடு இரண்டாம் முறை நொதித்து நிறைவெய்துவது. அதனைப் பேணத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்தத் திறமையே தேவைப்படாதவாறு, வடிகட்டி, சூடேற்றி, கரியமிலவாயு ஏற்றி, உலோகக் கலன்களில் அடைத்த பீர் வந்தது. அது கெடுவதில்லை, மாறுவதுமில்லை.

இதனை எதிர்த்து 1971இல் நான்கு இளைஞர் தொடங்கிய இயக்கம் 'காம்ரா'. பீப்பாயில் உயிரோடு முதிரும் பீரைக் காப்பதே அதன் குறிக்கோள். இலண்டனில் அப்போது அம்மரபைக் கைவிடாது நின்ற பழைய தனி ஆலைகள் இரண்டே: வாண்ட்ஸ்வர்த் பகுதியின் யங்ஸ், சிஸிக் பகுதியின் ஃபுல்லர்ஸ். மற்றவை ஒவ்வொன்றாக மறைந்தன. விட்பிரெட்டின் சிஸ்வெல் தெரு ஆலையில் 1976இல் காய்ச்சுவது நின்றது. பிரிக் லேனில் ட்ரூமன் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. பீர் வெள்ளம் கண்ட ஹார்ஸ் ஷூ ஆலையோ அவற்றுக்கு வெகுமுன்னரே, 1921இல் மூடப்பட்டு, அங்கு ஒரு நாடக அரங்கம் எழுந்துவிட்டது.

ஏடுகளைப் படித்தவர்கள்

காம்ரா தோன்றிய அதே 1971இல் மேற்கு இலண்டனில் இன்னொரு குழுவும் தோன்றியது. 'டர்டன் பார்க் பீர் வட்டம்' என்பது அதன் பெயர். வீட்டில் தம் தேவைக்குப் பீர் காய்ச்சிய ஆர்வலர் சிலர் கூடிய வட்டம் அது. முதலீடோ ஆலையோ அவர்களிடம் இல்லை. பழைய ஆலைகளின் கணக்கேடுகளையும் காய்ச்சற் குறிப்புகளையும் தேடிப் படித்தனர். மறைந்த அளவைகளைப் புதிய அளவைகளுக்கு மாற்றினர். எழுதியபடியே காய்ச்சிப் பார்த்தனர். கூடி அருந்தித் தம்முள் விவாதித்தனர். கண்டவற்றைச் சிறு நூலாகவும் வெளியிட்டனர். இலாபம் கருதாத இம்முயற்சியால், 19ஆம் நூற்றாண்டு இலண்டனின் போர்ட்டரும் ஸ்டவுட்டும் எவரும் மீண்டும் செய்துபார்க்கக்கூடிய வடிவில் பிழைத்தன.

கடலுக்கு அப்பாலும் அம்மரபை நாடியோர் இருந்தனர். சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965இல் வாங்கிய ஃபிரிட்ஸ் மேடாக், 1970களில் போர்ட்டரைக் காய்ச்சினார். அமெரிக்கச் சிற்றாலைகள் இந்தியா பேல் ஏலையும் எடுத்துத் தம் நாட்டு ஹாப்ஸின் மணத்தை ஏற்றின. இலண்டன் மறந்துவிட்ட இரு பானங்கள் அமெரிக்காவில் புது வாழ்வு பெற்றன.

இலண்டனில் சிற்றாலை முயற்சி 1970களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. டேவிட் புரூஸ் 1979இல் சதர்க் பகுதியில் ஒரு மதுச்சாலையின் நிலவறையிலேயே பீர் காய்ச்சி மேலே விற்றார். 'ஃபர்க்கின்' என்னும் பெயரோடு அவ்வகைக் கடைகள் பல எழுந்தன. 1988இல் அவர் அவற்றை விற்றுவிட்டார். பின்னர்க் கைமாறிக் கைமாறி, 1990களின் இறுதியோடு அங்கெல்லாம் காய்ச்சுவது நின்றது. திறமை இருந்தும் சிறு தொழில் நிலைக்கவில்லை. அது நிலைக்க வேறொன்று தேவைப்பட்டது.

வளைவுகளுக்குள்

அந்த வேறொன்று வரிச்சலுகை. 2002இல் பிரித்தானிய அரசு, ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சும் ஆலைகளுக்குத் தீர்வையைப் பாதியாகக் குறைத்தது. அந்த உச்ச அளவு, விட்பிரெட் ஆலை 1796இல் காய்ச்சியதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. பேராலை மலிவாக வாங்கும் மால்ட்டையும் ஹாப்ஸையும் சிற்றாலை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வைச் சலுகை ஓரளவு நிரப்பிற்று.

ஆயினும் மாற்றம் உடனே வரவில்லை. கிரீனிச் பகுதியில் அலஸ்டேர் ஹுக் 1999இல் நிறுவிய 'மீன்டைம்' போன்ற சிலவே தொடக்கத்தில் இருந்தன. 2006 செப்டம்பரில் யங்ஸ் ஆலை மூடப்பட்டது. அதனைப் பல்லாண்டு நடத்திய ஜான் யங்கும் அதே மாதத்தில் காலமானார். 1581 முதல் அவ்விடத்தில் பீர் காய்ச்சப்பட்டதாகக் கூறுவர். அவ்வாண்டின் இறுதியில், ஒருகாலத்தில் உலகின் பீர்த் தலைநகராயிருந்த இலண்டனில் எஞ்சிய ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

அதன் பின் வந்த பத்தாண்டுகள் வியப்புக்குரியன. 2008இல் பேட்டர்சியில் 'சாம்புரூக்ஸ்' தொடங்கியது. 2009இல் எவின் ஓ'ரியோர்டன் பெர்மன்சியில் இரயில் பாலத்தின் ஒரு வளைவுக்குள் 'கெர்னல்' ஆலையை அமைத்தார். பாலாடைக்கட்டி வணிகத்தில் இருந்த அவர், அதன் பொருட்டு நியூயார்க் சென்றபோது அங்குள்ள சிற்றாலைகளின் பீரைச் சுவைத்துத் திரும்பியவர். அமெரிக்கரிடம் கற்ற பேல் ஏலோடு, 1856, 1890 ஆகிய ஆண்டுகளின் இலண்டன் குறிப்புகளைப் பின்பற்றிய கரும்பீர்களையும் காய்ச்சினார். பெயரும் வகையும் வலிமையும் மட்டும் அச்சிட்ட பழுப்புத் தாளே அவர் புட்டிகளின் அடையாளம்.

அந்த வளைவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலண்டனின் முதல் இரயில்பாதை 1836இல் இலண்டன் பாலத்தருகே தொடங்கிக் கிரீனிச் நோக்கிச் சென்றது. குடியிருப்புகளுக்கு மேலே செல்வதற்காக 878 செங்கல் வளைவுகளின்மீது அதனை அமைத்தனர். இருளும் ஈரமும் நிறைந்து, தலைக்கு மேல் இரயில் அதிரும் அவ்வகை இடங்கள் பிறருக்கு வேண்டாதவை, பீருக்கோ ஏற்றவை. வாடகையும் அந்நாளில் குறைவு. ஒன்றையடுத்து ஒன்றாகப் பெர்மன்சி வளைவுகளில் சிற்றாலைகள் எழுந்தன. கெர்னல் பெரிய இடத்துக்கு மாறியபோது, அதன் பழைய கலன்கள் 2012இல் தோன்றிய 'பார்ட்டிசன்' ஆலைக்குச் சென்றன. 2010இல் நகரத்து ஆலையினர் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவினர். அதில் ஃபுல்லர்ஸ் போன்ற பழைய ஆலையும் நேற்று முளைத்தவையும் ஒன்றாக அமர்ந்தன. 18ஆம் நூற்றாண்டுப் பேராலைகள் தம் தொட்டிகளின் அளவில் போட்டியிட்டன. இவர்கள் ஈஸ்ட்டையும் குறிப்பையும் கலனையும் பகிர்ந்துகொண்டனர். 2010களின் பிற்பாதியில் இலண்டன் ஆலைகளின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

மீண்டும் பெரிதாதல்

சிறியது வெற்றி பெற்றால் அதற்கு விலை பேசப்படும் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. விட்பிரெட் நிறுவனம் தன் பீர்த் தொழிலை 2000இல் பெல்ஜியத்தின் இண்டர்புரூவுக்கு விற்றது. அந்த நிறுவனமே பிற நிறுவனங்களோடு இணைந்து ஏபி இன்பெவ் ஆயிற்று. 2010இல் இரயில் வளைவுகளில் தொடங்கிய 'கேம்டன் டவுன்' ஆலையை 2015 இறுதியில் வாங்கியதும் அதே நிறுவனமே. மீன்டைம் 2015இல் எஸ்ஏபிமில்லருக்கும், அடுத்த ஆண்டில் ஜப்பானின் அசாகிக்கும் சென்றது. 2018இல் ஹைனெகன் பங்கு வாங்கியபோது, 'பீவர்டவுன்' ஆலை நடத்தவிருந்த திருவிழாவிலிருந்து சிற்றாலைகள் பல விலகிக்கொண்டன. 2022இல் அவ்வாலை முழுவதும் ஹைனெகன் வசமாயிற்று. 170 ஆண்டுகளுக்கு மேல் சிஸிக்கில் காய்ச்சிய ஃபுல்லர்ஸ் தன் ஆலையை 2019இல் 25 கோடி பவுண்டுக்கு அசாகிக்கு விற்றது. 2024இல் அசாகி மீன்டைமின் கிரீனிச் ஆலையை மூடி அப்பணியைச் சிஸிக்குக்கு மாற்றியது.

வளைவுகளும் கைமாறின. இரயில் நிர்வாகம் ஏறத்தாழ 5,200 வளைவுகளையும் பிற இடங்களையும் 146 கோடி பவுண்டுக்குத் தனியார் முதலீட்டாளருக்கு விற்றது. 2019இல் அவ்விற்பனை நிறைவேறியது. வாடகையைப் பற்றிய அச்சம் அங்குள்ள சிறு தொழிலோர் அனைவரையும் பற்றியது. 2020இன் பெருந்தொற்றில் மதுச்சாலைகள் அடைபட்டன. 2022இல் எரிபொருள் விலை உயர்ந்தது. சிற்றாலைகள் பல அவ்வாண்டுகளில் மூடப்பட்டன. போர்ட்டருக்கு மறுவாழ்வு தந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையும், பெருநிறுவனம் ஒன்றின் உடைமையான பின், 2023இல் மூடப்பட்டது.

இவற்றையெல்லாம் வைத்துச் சிறியவை தோற்றன என்று முடிப்பது எளிது. ஆனால் வரலாறு அதற்கு முழுதும் இடந்தரவில்லை. பேராலைகள் கட்டடங்களையும் வணிகப் பெயர்களையும் வாங்கின. ஏடுகளிலிருந்து மீட்கப்பட்ட குறிப்பை எவராலும் வாங்கித் தமதாக்க முடியவில்லை, அது பலர் கையில் இருந்ததால். 1940க்கும் 1970க்கும் இடையே போர்ட்டர் மறைந்ததற்குப் பேராலைகளின் வலிமை மட்டும் காரணமன்று. அதைச் செய்யத் தெரிந்தோர் அவ்வாலைகளுக்குள் மட்டுமே இருந்தனர் என்பதும் காரணம். இன்று ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் அறிவு அதனோடு மூடப்படுவதில்லை.

வாண்ட்ஸ்வர்த்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 2006இல் யங்ஸ் மூடப்பட்டபோது, பழைய பணியாளர் ஒருவர் அங்கேயே தங்கி, கையில் கிடைத்த பாத்திரங்களைக் கொண்டு சிறிய அளவில் பீர் காய்ச்சிவந்தார். அது விற்பனைக்கன்று, நானூறு ஆண்டுத் தொடர்ச்சி தம் காலத்தில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே. சுற்றிலும் பழைய கட்டடங்கள் குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021இல், சாம்புரூக்ஸ் சிற்றாலை தன் கலன்களோடு அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. அது வந்தபோது அங்கே அடுப்பு அணைந்திருக்கவில்லை.